பழைய கேசட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளில் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே கல்யாணக் கேசட், அப்பாவின் அறுபதாம் கல்யாணம், பிள்ளையின் முதல் பிறந்தநாள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடியில் ரைட் பண்ணி, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். பென்டிரைவ் இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பழைய டிவியும் டிவிடி பிளேயரும் மட்டும் உள்ள வீட்டில், டிஸ்க்கைப் போட்டு ஒரு பட்டனை அமுக்குவதுதான் அவர்களுக்குச் சுலபம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைட் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த நம்பிக்கையில் கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, பிறகு டிஸ்க் ஓடவில்லை என்றால், பாட்டியின் குரலைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது.

இனி அடிக்கடி வரும் சிக்கல்களைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை. பெரும்பாலும் காரணம் இதுதான்: வீடியோ ஃபைலை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டிருப்பீர்கள். அது டேட்டா டிஸ்க். சாதாரண பிளேயர் எதிர்பார்ப்பது டிவிடி வீடியோ டிஸ்க். அதில் படம் எம்பெக்-2 வடிவில், ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த எம்பி4 ஃபைலை இந்த வடிவத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் அதைச் செய்துவிடும். நம் நாட்டு டிவிக்கு ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். சரியாகத்தான் மாற்றினீர்கள், ஆனாலும் பிளேயர் டிஸ்க்கை அடையாளம் காணவில்லை என்றால், டிஸ்க்கை ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருக்கலாம். அதையும் பாருங்கள்.

இடம் போதவில்லை. அட்டையில் 4.7 ஜிபி என்று இருக்கும், கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். ஏமாற்று இல்லை, இருவரும் கணக்கிடும் முறை வேறு. இங்கே ஃபைலின் அளவைவிடப் படம் ஓடும் நேரம்தான் முக்கியம். ஒரு டிஸ்க்குக்கு 2 மணி நேரம் வரை வைத்துக்கொண்டால் படம் தெளிவாக இருக்கும். 4 மணி நேரக் கல்யாணத்தை ஒன்றிலேயே திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள்.

பாதியில் நின்றுவிடுகிறது. ரைட் ஆகும்போது லேப்டாப் தூங்கிப் போகக் கூடாது, ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள். கரண்ட் போனாலும் நிற்காதபடி பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். வீடியோ பென்டிரைவில் இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். வெளியே மாட்டும் ரைட்டரை ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். ஹப்பில் மின்சாரம் போதாமல் போவது உண்டு.

கடைசிப் பகுதியில் மட்டும் படம் திக்குகிறது. இதைக் கவனித்தால் காரணம் தானே தெரியும். சாதாரண டிவிடியில் பதிவு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். எனவே முடிவில் வரும் திக்கல் விளிம்புப் பக்கத்துக் கோளாறு. விளிம்பில் கைரேகை பட்டிருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். சுத்தமாக இருந்தும் திக்கினால் வேகத்தைக் குறைத்து வேறொரு டிஸ்க்கில் எழுதுங்கள். 16 எக்ஸ் டிஸ்க்கை 8 அல்லது 4 எக்ஸில் எழுதலாம். 4 எக்ஸில் முழு டிஸ்க் எழுத ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அப்படியும் திக்கினால் டிஸ்க்கின் பிராண்டை மாற்றிப் பாருங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கரால் எழுதினால் போதும்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். செல்போன் வீடியோவில் இது அதிகம். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரு நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும். டிவிடிக்கோ நொடிக்குச் சீராக 25 வேண்டும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 25 என்றும், ‘கான்ஸ்டன்ட்’ என்றும் வைத்து முதலில் மாற்றிவிட்டு, பிறகு டிவிடி செய்யுங்கள்.

டிஸ்க் வீணாகாமல் இருக்க ஒரு வழி: நேரடியாக எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாகச் செய்து, விஎல்சியில் ஓடவிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் இம்ஜ்பர்ன் கொண்டு எழுதுங்கள். அதில் ‘வெரிஃபை’ என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்.

பிறகுதான் உண்மையான பரீட்சை. எழுதிய ரைட்டரில் ஓடுவது போதாது. வேறொரு பிளேயரில் ஓட வேண்டும். உங்களிடம் பிளேயர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் பாருங்கள்.

ஓடினாலும் இன்னொரு பிரதி எழுதி வேறு வீட்டில் வையுங்கள். வீடியோ ஃபைல் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும். நாம் எழுதும் டிவிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். ஜன்னலோரத்திலும் காரிலும் விடாதீர்கள். உறையில் தேதி எழுதிவைத்து, அவ்வப்போது போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பரணில் இடம் இருந்தால் கேசட்டும் அங்கேயே இருக்கட்டும். ஒரு பெட்டி அடைக்கும் இடம் பெரிதல்ல.