புரி அறிந்து பூட்டுதல்

இலங்கையில் பழைய மொறிஸ் மைனர் காருக்கு யப்பானிய எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே மாற்றிப் பூட்டுவோர் உளர். பாகங்களைத் தேடிச் சேர்ப்பதினும் பெரிய இடர், ஆணியின் புரியில் இருக்கிறது. காரின் ஆணிகள் பெரும்பாலும் அங்குல அளவின. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகள் உடன்பட்ட முறையின. எஞ்சினின் துளைகளோ மில்லிமீற்றர் அளவின. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீற்றர், மற்றது 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் முன்னதன் நுண்புரி அங்குலத்திற்கு 24. பின்னதற்கு ஏறக்குறைய 20. முதற் சுற்று இணங்கும், பின்பு இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டதென்று மகிழ்ந்து முறுக்கினால், அரும்பாடுபட்டுத் தேடிய எஞ்சினின் புரி உதிர்ந்துவிடும்.

புதிதாகப் புரி வெட்டுவதாயின், 8 மில்லிமீற்றர் ஆணிக்கு 6.8 மில்லிமீற்றர்த் துளை வேண்டும். வெட்டும் கருவியை நேராக நிறுத்தி, அரைச் சுற்று முன்னும் காற் சுற்றுப் பின்னுமாகத் திருப்புதல் நன்று. அது கடினமான உருக்கு; உள்ளே முறிந்தால் சாதாரணத் துறப்பணம் அதனைத் துளைக்காது.