மணலுக்கேற்ற மட்டை

நிலாவெளிக் கரையில் வெறுங்காலுடன் நடந்திருப்பீர்கள். மேட்டிலுள்ள உலர்மணலில் கால் புதையும். அலை தொட்டு மீண்ட ஈரமணலிலோ சுவடு மட்டுமே விழும். சீனக்குடாவில் விமானப்படையினரின் மைதானத்தில் கோல்ஃப் ஆடுவோர், மணற்குழிக்குரிய ‘சாண்ட் வெட்ஜ்’ மட்டையை வாங்குமுன் இதை நினைத்துக்கொள்வது நன்று.

கடையிலே பலரும் விசாரிப்பது 56 பாகைச் சாய்வைப் பற்றியே. அது பந்தை உயர்த்தும், உண்மைதான். ஆயினும் மணற்குழியில் மட்டை முதலில் தொடுவது பந்தை அன்று, அதன் பின்னுள்ள மணலை. ஆகவே மட்டையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முன்விளிம்புக்குப் பின்னே அது புடைத்துத் தாழ்ந்திருக்கும் கோணத்தையே ‘பவுன்ஸ்’ என்பர். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன், அடியில் உலோகம் பற்றவைத்து இப்புடைப்பை உண்டாக்கிய மட்டையோடுதான் 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். விமானத்தின் வாற்பகுதியைக் கண்டு பிறந்த யோசனையாம் அது!

பவுன்ஸ் 12 பாகைக்கு மேற்பட்டால் மட்டை உலர்மணலில் ஆழப் புதையாது. ஈரமணலில் அதுவே துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். பந்து புல்தரையைக் கடந்து பறந்துவிடும். அங்கே 6 அல்லது 8 பாகையே பொருந்தும்.

நமக்கோ சோளகக் காலத்தில் உலர்மணல், வாடைமழையில் இறுகிய மணல். இரண்டு மட்டை வாங்க எல்லோராலும் இயலுமா? ஒன்றுதான் என்றால், 12 பாகையையே நான் சொல்வேன். வறண்ட மாதங்கள் நமக்கு மிகுதி. மழைநாளில் மட்டையின் முகத்தை விரிக்காமல் நேராகப் பிடியுங்கள். விரிக்க விரிக்கப் பவுன்ஸ் கூடும்.