பெயர் நமது, வடிவு யாருடையது?



ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடும் இரட்டையுடற் பாய்ப்படகை உலகம் ‘காட்டமரான்’ என்றழைக்கின்றது. அது நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் திரிபு. இதைக் கேட்டு நாம் மகிழ்வது முறையே. ஆயின், அப்படகின் வடிவும் நம்முடையதே என்று குழந்தைகளுக்குச் சொல்லலாமோ? ஆகாது. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், மரங்களை நெருக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவை. ஈருடல்களை இடைவெளிவிட்டு இணைக்கும் முறையோ பசிபிக் தீவுகளின் பொலினீசிய மக்களிடம் வளர்ந்தது.

அம்முறையின் நன்மை யாது? அகன்ற படகு பேரலை எழுப்பும். அவ்வலையே அதன் வேகத்தைத் தடுக்கும். ஈருடற் படகிலோ ஒவ்வோர் உடலும் ஒடுங்கியது. கவிழாமல் காப்பது இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம். 1876-இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் செய்த ‘அமரில்லிஸ்’ நியூயார்க் பந்தயத்தில் பிற படகுகளை முந்திற்று. தோற்றவர் ஆட்சேபிக்கவே, பரிசு மறுக்கப்பட்டது!

இனி, இரண்டு சிறு பந்தயப் படகுகளை ஒப்பிடுவோம். காற்று பக்கவாட்டில் தள்ளுகையில் படகு விலகாதிருக்க வேண்டும். கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர், தம் ‘ஹோபி 16’ படகில் ஒவ்வோர் உடலின் வெளிப்புறத்தைத் தட்டையாகவும் உட்புறத்தை வளைவாகவும் அமைத்தார். விமான இறக்கைபோல் அவ்வளைவே படகைக் காற்று வரும் பக்கம் இழுத்துப் பிடிக்கும். அடியில் பலகை வேண்டா. அலையோடு வந்து மணலில் ஏறிவிடலாம். ஆயினும், காற்றை எதிர்த்து ஏறுவதில் சற்றுப் பின்தங்கும்.

1967-இல் இங்கிலாந்தின் ராட்னி மார்ச் வரைந்த ‘டொர்னாடோ’ ஏறத்தாழ 6.1 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது. அதன் உடல்கள் இருபுறமும் ஒத்தவை. பக்கவிலகலைத் தடுப்பது நீரில் இறக்கும் பலகை. காற்றை எதிர்த்து அது விரைந்தேறும். ஆழமற்ற கரையிலோ பலகையைத் தூக்கியாக வேண்டும். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய படகு அது. பின்வந்த ‘நாக்ரா 17’, 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் அடிச்சிறகுகளின் வலிமையால் உடலையே நீருக்கு மேல் உயர்த்தி ஓடிற்று.

எது சிறந்தது? கரையைக் கேளாமல் இதற்கு விடை கூற இயலாது. அலை முறியும் மணற்கரைக்கு ஒரு வடிவு. ஆழ்ந்த நீருக்கு ஒரு வடிவு. நம் கட்டுமரமும் அவ்வாறே தன் கரைக்கேற்பப் பிறந்தது. மேலே பாயும் அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். அவ்வறிவு நம் மீனவருடையது.

அன்பர்களே, பிறர் கண்டதை நமதென்று கொள்ள வேண்டா. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, நம்மவர் உண்மையாகக் கண்டதைச் சொல்வோம். அதுவே போதிய பெருமை.