சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது?



ஓட்டுநர் கார் சாவியைத் திருப்புகிறார். என்ஜின் இன்னும் ஓடவில்லை. அவர் முன்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிகிறது. அதில் பேட்டரியின் படம் இருக்கும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிடுகிறது. ஏன் எரிந்தது? ஏன் அணைந்தது?

காரின் பேட்டரி 12 வோல்ட். அதற்குச் சார்ஜ் ஏற்றும் கருவியின் பெயர் ஆல்டர்னேட்டர். பட்டறையில் பலர் இதை டைனமோ என்றே சொல்வார்கள். என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் அதைச் சுற்றுகிறது. சுற்றினால் மட்டும் மின்சாரம் வந்துவிடாது. காந்தமும் வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால்தான் அது காந்தம் ஆகும்.

அந்த முதல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து வருகிறது. இந்தச் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் வருகிறது! அதனால் விளக்கு எரிகிறது.

என்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தருகிறது. இப்போது விளக்கின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வோல்ட். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டம். குழாயில் தண்ணீர் ஓடுமா? ஓடாது. இங்கும் அப்படித்தான். மின்சாரம் ஓடவில்லை. விளக்கு அணைகிறது.

வழியில் விளக்கு மறுபடி எரிந்தால், ஆல்டர்னேட்டர் பக்கத்துத் தொட்டி வற்றிவிட்டது என்று பொருள். இனி பேட்டரியில் இருப்பதுதான் மிச்சம். இரவு என்றால் அது சீக்கிரம் தீரும். முன்விளக்கு மங்கும். பெட்ரோல் கார் நின்றே போகும். பின்னால் லாரி வரும் சாலையில், இருட்டில் அப்படி நிற்பது உயிருக்கு ஆபத்து.

பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் என்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே உடனே ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லையா? சிலர் அதை நல்லது என்று நினைக்கிறார்கள். அது தவறு. பல்ப் போயிருக்கலாம். அப்போது முதல் மின்சாரம் போகாது. ஆல்டர்னேட்டர் வேலை தொடங்காமல் கிடக்கும். ஒரு சின்ன பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிப் பணத்தை இழப்பவர்களும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் சிறு கணினி இந்த விளக்கை இயக்குகிறது. அவற்றிலும் சாவி போட்டதும் விளக்கு எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் கருகிவிடலாம். மீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12 வோல்ட்டில் நின்று இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை.