சிக்கனம் யாருடைய செலவில்?

(காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் நம் சமூகக் கூடத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஒரு மணி நேரம் மெயின்டனன்ஸ் கட்டணத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக் களைத்திருக்கிறீர்கள். அடுத்து காபிதான் என்று நினைத்திருப்பீர்கள். செயலாளர் நடுவில் என்னை நிறுத்திவிட்டார். பயப்பட வேண்டாம், பத்தே நிமிடம். நானும் ஒரு அபார்ட்மென்ட் கதையைத்தான் சொல்லப்போகிறேன். இடம் மட்டும் கிரேக்க நாடு.

ஏதென்ஸ் நகரத்தில் பெரும்பாலானவர்கள் நம்மைப்போல அடுக்குமாடியில் வசிப்பவர்கள். பழைய கட்டடங்களில் கீழ்த்தளத்தில் ஒரு கொதிகலன் இருக்கும். குளிர்காலத்தில் பொதுப்பணத்தில் எண்ணெய் வாங்கி அதை எரிப்பார்கள். குழாய் வழியாக எல்லா வீடுகளுக்கும் சூடு போகும். நம் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குகிறோமே, அதேபோலத்தான்.

2009 கடைசியில் அந்த நாட்டின் கணக்கில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. முந்தைய அரசுகள் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டியிருந்தன. வரி ஏய்ப்பும் மலிந்திருந்தது. இதை மறைக்கக் கூடாது. தவறு அவர்கள் பக்கமும் உண்டு. 2010 மே மாதம் யூரோ நாடுகளும் சர்வதேச நிதியமும் 110 பில்லியன் யூரோ கடன் கொடுக்க ஒப்புக்கொண்டன. நிபந்தனை: செலவைக் குறை, வரியைக் கூட்டு.

சம்பளம் குறைந்தது. ஓய்வூதியம் பலமுறை வெட்டப்பட்டது. பண்டிகைக்கும் விடுமுறைக்கும் கிடைத்துவந்த 13-ஆவது, 14-ஆவது மாத ஓய்வூதியமும் போனது. வேலை இழந்த மகனும் மருமகளும் அப்பாவின் ஓய்வூதியத்தை நம்பிப் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார்கள். 2011-இல் வந்த புதிய சொத்து வரியை மின்கட்டண ரசீதிலேயே சேர்த்துவிட்டார்கள். கட்டாவிட்டால் கரண்ட் கட்! அப்படித் துண்டிப்பது செல்லாது என்று பிறகு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது கொதிகலனுக்கு வருவோம். 2012 அக்டோபரில் வீட்டுச் சூட்டு எண்ணெய்க்கான வரியை 1,000 லிட்டருக்கு 60 யூரோவிலிருந்து 330 யூரோவாக உயர்த்தினார்கள். காரணம் முட்டாள்தனமானதில்லை. குறைந்த வரி எண்ணெயை வாங்கி வாகன டீசலாகக் கள்ளத்தனமாக விற்பதைத் தடுக்க வேண்டும், கஜானாவும் நிரம்ப வேண்டும். காகிதத்தில் கணக்குச் சரியாக வந்தது.

கட்டடங்களில் நடந்தது வேறு. குடியிருப்போர் கூட்டத்தில் பத்து வீட்டில் நான்கு வீடு, "எங்களால் பங்கு தர முடியாது" என்றது. மற்ற ஆறு வீடும் சேர்ந்து எண்ணெய் வாங்க முடியவில்லை. கொதிகலன் அணைந்தது. வசதி உள்ளவர் ஏ.சி. போட்டுக்கொண்டார். இல்லாதவர் விறகு அடுப்புக்கும் கரிச்சட்டிக்கும் போனார். பழைய கதவையும் நாற்காலியையும் உடைத்து எரித்தவர்கள் உண்டு. இரவில் ஏதென்ஸின் மேல் புகை மூட்டம் நின்றது. அந்தப் புகைக்கு ஏ.சி. வீடு, அடுப்பு வீடு என்ற பேதம் கிடையாது. 2013 டிசம்பரில் தெசலோனிகி நகரில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு வீட்டில் கரிப்புகை மூச்சடைத்து ஒரு சிறுமி இறந்துபோனாள்.

கஜானாவாவது நிரம்பியதா? எண்ணெய் விற்பனை சரிந்ததால் எதிர்பார்த்த பணமும் வரவில்லை. 2014-இல் அந்த வரியில் 30 சதவீதத்தை அரசே குறைத்தது.

நாடு முழுக்க இதே கதைதான். பொருளாதாரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. வருமானமே சுருங்கியதால், வெட்டிய பிறகும் கடன் விகிதம் கூடியது. செலவுக் குறைப்பால் வரும் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று சர்வதேச நிதியமே 2013-இல் ஒப்புக்கொண்டது.

அரசியலில் விழுந்த அடியையும் பாருங்கள். 2009 தேர்தலில் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கி ஆட்சிக்கு வந்த பாசோக் கட்சி, 2015 ஜனவரியில் 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2009-இல் அரை சதவீதமும் பெறாத 'பொன் விடியல்' என்ற நாஜிச் சாயல் கட்சி, 2012-இல் ஏறத்தாழ 7 சதவீதத்துடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. கோபத்தை வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்மேல் திருப்பிவிட்டார்கள். தெருவில் அடிதடி, கொலை வரை போனது. அது ஒரு குற்றக் கும்பல் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2020 ஆனது.

2015 ஜூலையில், கடன்காரர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று மக்களைக் கேட்டார்கள். 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் சில நாட்களிலேயே அரசு புதிய நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. "எங்களை எதற்குக் கேட்டீர்கள்?" என்று அந்த மக்கள் நினைத்திருந்தால் அதில் தவறு உண்டா?

நாற்பது வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். கடன் வாங்கினால் கட்ட வேண்டும். வரவுக்குமேல் செலவு செய்யக் கூடாது. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் லெட்ஜரில் மிச்சம் என்று எழுதிய தொகை, வேறொரு வீட்டில் செலவாக முளைத்திருக்கலாம். அந்த வீட்டின் பக்கம் நம் லெட்ஜரில் இருக்காது. பொதுவில் இருந்த சூடு போனதும், அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் அடுப்பைப் பார்த்தார்கள். அதன் பிறகு கூட்டத்துக்கு வர யாருக்கு மனம் வரும்?

சற்றுமுன் இங்கே ஒரு யோசனை வந்தது: இரவு 11 மணிக்கு மேல் ஜெனரேட்டரை நிறுத்தினால் டீசல் மிச்சம், இன்வெர்ட்டர்தான் பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் வீட்டு இன்வெர்ட்டரில் லிஃப்ட் ஓடாது. ஐந்தாம் மாடியில் வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, வர முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலித்தால் அவரை எப்படிக் கீழே இறக்குவது?

செலவைக் குறைப்போம். எங்கே குறைப்பது என்று முடிவு செய்யும் முன், அதனால் அதிகம் சிரமப்படப்போகிறவர் வீட்டுக் கதவை இரண்டு பேர் போய்த் தட்டி, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம். கமிட்டிக்கு என் கோரிக்கை அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்குள் அந்த ஐந்தாம் மாடிக்கு நான் போய் வருகிறேன். கூட வர ஒருவர் வேண்டும்.

காபி ஆறிவிடப் போகிறது.