அளந்து பார்த்தவர்



சங்கத்தின் பெரியவர்களே, தாய்மார்களே, எங்கள் வயதுத் தோழர்களே!

இளைய வியாபாரிகள் சார்பில் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். கடைக்காரர்களுக்குத் தெரிந்தது தராசும் படியும்தான். ஆகவே ஓர் அளவைப் பற்றியே பேசுகிறோம்.

ரமலான் கடைசியில் ஃபித்ரா கொடுக்கிறோம். ஆளுக்கு ஒரு ஸாவு தானியம். ஒரு ஸாவு என்றால் எவ்வளவு? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் எட்டு ராத்தல் என்றார்கள். நம் பாட்டன்மார் சொன்ன ‘ராத்தல்’ கூட அரபியிலிருந்து வந்த சொல்தான். மதீனாவாசிகளோ ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒன்றும், என்றார்கள். எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் மளிகைக் கடைக்காரருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இமாம் அபூஹனீஃபாவின் தலைமாணவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையான அவரைப் பணம் கொடுத்துப் படிக்கவைத்ததே அந்த ஆசிரியர்தான். பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக இருந்தார். அவர் ஹஜ்ஜுக்குப் போன சமயம் மதீனாவில் இந்த ஸாவைப் பற்றி விசாரித்தார். “ஆதாரம் என்ன?” என்று கேட்டதற்கு, நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்றார்களாம். மறுநாள் காலை ஏறக்குறைய ஐம்பது முதியவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் மேலாடைக்குள்ளும் ஒரு ஸாவு. என் தகப்பனார் வழியாக வந்தது, எங்கள் குடும்பத்தார் வழியாக வந்தது, ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் அளவு இது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அபூயூசுஃப் பார்த்தார், எல்லாம் ஒரே அளவு. தாமே அளந்தார். ஐந்தும் மூன்றில் ஒன்றும், அதிலும் கொஞ்சம் குறைவு. அந்த இடத்திலேயே ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவாசிகளின் கருத்துக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு சொல்கிறது.

தலைமைக் காழியாக விளங்கியவர், சோறு போட்ட ஆசிரியரின் சொல்லை விடுகிறார். அதனால் ஆசிரியர் மேல் இருந்த மரியாதை குறைந்ததா? இல்லை. இன்றும் ஹனஃபி மத்ஹபின் இரண்டு தூண்களில் ஒருவராகத்தான் அவரைச் சொல்கிறார்கள். எட்டு ராத்தல் என்போரும் இன்றுவரை இருக்கிறார்கள், சண்டையில்லை. நம் குடும்பங்களில் ஷாஃபியும் உண்டு, ஹனஃபியும் உண்டு. இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களும் பக்தாதில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போனபின் மாற்றிச் சொன்னவர்தான். பழைய சொல், புதிய சொல் என்று கிதாபுகளில் அப்படியே பதிவாகியிருக்கிறது. யாரும் அதை மறைக்கவில்லை.

சிங்கப்பூரில் 1970களில் கட்டியும் தஹிலும் போய் கிலோ வந்தது. கைப்பிடியிலேயே கட்டி கணக்குச் சொன்ன நம் பாட்டன்மார் அந்த வயதில் கிராம் படித்தார்கள். வாய் மட்டும் கட்டியை விடவில்லை, அது வேறு விஷயம்!

இனி நம் சங்கத்துக்கு வருவோம். கல்வி உதவிநிதி பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்பது நெடுநாள் வழக்கம். பாலிடெக்னிக், ஐடிஇ போனால் படிப்பு அத்தோடு சரி என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. அத்தா என்று கூப்பிடும் வீடானாலும் வாப்பா என்று கூப்பிடும் வீடானாலும் இதில் பேதமில்லை. டிப்ளோமாவோடு கடையை நடத்துகிற எங்களில் சிலருக்கு வேறு எண்ணம். எங்கள் எண்ணமும் வெறும் எண்ணம்தானே, அளந்ததல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த செயற்குழுவுக்கு முன், சென்ற பத்தாண்டு விண்ணப்பங்களை நாங்கள் எடுத்து அடுக்கித் தருகிறோம். உதவி பெற்றவர், பெறாதவர், இன்று எங்கே இருக்கிறார் என்று வீடு வீடாகக் கேட்டும் எழுதித் தருகிறோம். பெரியவர்கள் எண்ணிப் பாருங்கள். பழைய வழக்கமே சரி என்று கணக்கு சொன்னால், இந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்க மாட்டோம். வேறு மாதிரி சொன்னால், ஜூலையில் வரும் விண்ணப்பங்களுக்கே விதியை மாற்றித் தாருங்கள்.