கம்பி நம்ம தலைக்கு மேல, கேள்வி யாரிடம்?

(நில உரிமை குறித்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ரயில் கரண்டுக்கும் சேரிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. மின்சார ரயில் ஓட மின்சாரம் எங்கோ உற்பத்தியாகணும், எது வழியாகவோ வந்து சேரணும். வருகிற வழியில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து, மின்சாரக் கொள்கையையும் கையில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். மலிவான மின்சாரம் வேண்டுமென்று வாதாடியவர். வெளிச்சம் ஒருத்தனுக்கும் கோபுரம் இன்னொருத்தன் தலைமேலயும் வருதே, அதைத்தான் கேட்கிறோம்.

பீகாரில் நபிநகர் என்று ஓர் இடம். அங்கே 1000 மெகாவாட் அனல் மின்நிலையம், 250 மெகாவாட் வீதம் நான்கு அலகுகள். தேசிய அனல் மின் கழகமும் ரயில்வேயும் கூட்டாக ஆரம்பித்த கம்பெனி அது. அங்கே கிடைக்கும் மின்சாரத்தில் 90 சதம் ரயில்வேக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்த அளவு அனல் நிலையம் கட்ட, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆய்வறிக்கை வேண்டும், மக்கள் கருத்துக்கேட்பு வேண்டும். சரி.

அதே மின்சாரம் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என்ன ஆகிறது? உயரழுத்தக் கோபுரங்கள் வழியாக நடக்கிறது. ரயில்வே துணைமின்நிலையத்தில் 25 கிலோவோல்ட்டாக இறங்குகிறது. தண்டவாளத்துக்கு மேலே கம்பியில் ஓடுகிறது. அந்த அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதையும் கிடையாது, மின்கம்பிப் பாதையும் கிடையாது, துணைமின்நிலையமும் கிடையாது. காட்டு வழியாகப் போனால் வனச் சட்டம் குறுக்கே வரும். 2022 மே மாதம் காசில்ராக் வழியே இரட்டைப் பாதை போடக் கொடுத்த வனவிலங்கு வாரிய அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காட்டுக்கு அந்தக் காவலாவது இருக்கிறது, நல்லதுதான். சேரி வழியாப் போனா எந்தச் சட்டம் குறுக்கே வரும்?

வரவேண்டிய சட்டத்தையும் ஒதுக்கி வைத்தார்கள். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. அதன் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு. ரயில்வே சட்டம் 1989 அதில் உண்டு, மின்சாரச் சட்டம் 2003ம் உண்டு. 2015 முதல் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகள் மட்டும் பொருந்தும் என்றார்கள். மதிப்பீடு வரவில்லை.

கோபுரம் நட எந்தச் சட்டம் தெரியுமா? வெள்ளைக்காரன் 1885இல் போட்ட தந்திச் சட்டம். மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் ஓர் ஆணை வாங்கிவிட்டால் அந்த அதிகாரம் கைக்கு வந்துவிடும். நிலத்தை வாங்கவே வேண்டாம், உபயோகித்துக்கொள்ளலாம். மறித்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார்.

இழப்பீடு? மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதம் என்கிறது. நில மதிப்பு யாருக்குப் போகும்? பட்டாதாரருக்கு. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு? குத்தகைக்கு உழுதவனுக்கு? நடவு போன பொம்பளைக்கு? 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு இன்னைக்கு எவன் பேர்ல பட்டா இருக்கு? பட்டா எவன் பேர்லயோ, பணமும் அவனுக்குத்தான்.

கருத்துக்கேட்பு நடக்கும் இடத்தில் மட்டும் நாம் கேட்கப்படுகிறோமா? பத்திரிகையில் 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். பத்திரிகை போகாத ஊரில் பறையடித்துச் சொல்லலாம் என்று அந்த 2006 அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறான். தோழர்களே, பறையடிப்பவன் யார்? ஊருக்குச் சேதி சொல்ல நம்ம கை வேணும், ஊர் சேதி பேச நம்ம வாய் வேணாம். தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். டெல்லிக் காகிதத்தில் அந்த வரி இருக்கிறது. கூட்டத்துக்கு இத்தனை பேர் வரணும் என்ற குறைந்தபட்சக் கணக்கும் கிடையாது. நான் போன ஒரு கருத்துக்கேட்பில் முன்வரிசை நாற்காலி ஊர்க்காரர்களுக்கு. நம்ம சனங்க பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். மைக் வெளியே வரவேயில்லை.

ஆகவே நான்கு கோரிக்கைகள். மின்நிலையம், கோபுரம், துணைமின்நிலையம், ரயில் கம்பி எல்லாம் ஒரே திட்டம், ஒரே மதிப்பீடு செய். சுருக்கத்தை மட்டும் தமிழில் தராமல் முழு அறிக்கையையும் தமிழில் கொடு, சேரிக்குள் கூட்டம் போடு. வரைபடம் போடும் முன்பே பஞ்சமி நிலத்தையும் புறம்போக்குக் குடியிருப்பையும் கணக்கெடு. குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் இழப்பீட்டில் பங்கு கொடு.

அதுவரைக்கும் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். அளக்க வந்தால் 164 ஆணை எங்கே, காட்டுன்னு கேளுங்க. இழப்பீடு போதாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம், அந்தத் தந்திச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கருத்துக்கேட்பு நடந்தால் கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டியாக வேண்டும், அது விதி. நாம் சொன்னது அதில் ஏறும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஜெய்பீம்.